பீட்டர் ஃபின்ச்சின் கலைவாழ்க்கையை ஆண்டு வாரியாகத் தொகுப்பது எப்படி

மேடை, வானொலி, சினிமா மூன்றிலும் உழைத்த ஒரு நடிகரைப் பற்றி எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் திரைப்படப் பட்டியலை எடுத்துக்கொண்டு அதற்குக் கை கால் வைத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த நடிகர் பீட்டர் ஃபின்ச் விஷயத்தில் இது பெரிய அநியாயம். 'நெட்வொர்க்' படமும் இறந்த பிறகு கிடைத்த ஆஸ்கரும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் கூடார நாடகம், வானொலி, மதிய உணவு இடைவேளையில் தொழிற்சாலைத் தளத்தில் நாடகம் என்று 1948 வரை அவர் பாடுபட்ட காலம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. நடிகர் உருவானது அந்தக் காலத்தில்தான்.

அதைச் சரியாகத் தொகுக்க இன்று வீட்டை விட்டு நகர வேண்டியதில்லை. முக்கியமான ஆவணங்கள் இலவசமாக இணையத்தில் கிடக்கின்றன. எந்த வரிசையில் தேடுவது, கிடைத்ததை எப்படிப் பதிவது, எங்கே சறுக்கும் என்பதுதான் தெரிய வேண்டும். இங்கே சொல்லும் முறை மற்ற ஆஸ்திரேலிய நடிகர்களான சிப்ஸ் ராஃபர்ட்டிக்கும் ஜூடித் ஆண்டர்சனுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் அட்டவணை

ஒரு பெயரைக்கூடத் தேடுவதற்கு முன் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் எட்டு நெடுவரிசை போடுங்கள்: நாள், அந்த நாள் எதன் நாள், படைப்பு, பாத்திரம், இடம் அல்லது அரங்கு, இயக்குநர் அல்லது நிறுவனம், சான்று, சான்று வெளிவந்த தேதி.

இரண்டாவது நெடுவரிசைதான் முழு வேலைக்கும் உயிர். '1949' என்று மட்டும் எழுதி வைத்தால் அது படப்பிடிப்பா, வெளியீடா, விருது விழாவா என்று பிறகு உங்களுக்கே தெரியாது. 'யுரேகா ஸ்டாக்கேட்' படத்தைப் பாருங்கள். ஈலிங் என்ற பிரிட்டிஷ் படநிறுவனத்துக்காக ஹாரி வாட் அதை ஆஸ்திரேலியாவிலேயே எடுத்தார். வெளிவந்தது 1949-இல். ஃபின்ச் 1948-லேயே லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். வெளியீட்டு ஆண்டை மட்டும் வைத்து அடுக்கினால், லண்டன் மேடையில் நின்ற மனிதர் அதே ஆண்டில் ஆஸ்திரேலியப் படப்பிடிப்பிலும் நின்றதாக ஆகிவிடும். எனவே ஒரு படத்துக்கு ஒரே வரி போதாது. படப்பிடிப்புக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று, விருது இருந்தால் அதற்கும் ஒன்று.

நாள் தெரியாவிட்டால் மாதம், மாதமும் தெரியாவிட்டால் ஆண்டு. தெரியாத இடத்தில் ஜனவரி 1 என்று போட்டு நிரப்பாதீர்கள். அட்டவணை மென்பொருள் தானாகவே அப்படி மாற்றிவிடும். ஆகவே அந்த நெடுவரிசையை முதலிலேயே எண்ணாக அல்ல, எழுத்தாக அமைத்துவிடுங்கள். 1948-08 என்பது போல ஆண்டு முன்னால் வந்தால், எழுத்தாக இருந்தாலும் சரியாக அடுக்கும்.

பிறப்பும் அடையாற்றுச் சில மாதங்களும்

ஃபின்ச்சின் முழுப்பெயர் ஃப்ரெடரிக் ஜார்ஜ் பீட்டர் இங்கிள் ஃபின்ச். பிறந்தது 1916 செப்டம்பர் 28, லண்டன். இங்கிலாந்துப் பிறப்புப் பதிவுக் குறியீட்டில் (பதிவுகளின் பெயர்ப் பட்டியலில்) தேடுவதானால் ஒன்றை நினைவில் வையுங்கள். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. குறியீடோ பதிந்த காலாண்டைத்தான் காட்டும், பிறந்த காலாண்டை அல்ல. செப்டம்பர் கடைசியில் பிறந்த குழந்தை டிசம்பர் காலாண்டில் இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டையும் பாருங்கள். 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து தாயின் கன்னிப்பருவக் குடும்பப்பெயரும் குறியீட்டில் இருக்கும். தாய் அலிசியா கிளாடிஸ் ஃபிஷர், ஆகவே 'ஃபிஷர்' என்ற பெயர் பொருந்துகிறதா என்று பார்த்தால் வேறு ஃபின்ச்கள் விலகிவிடுவார்கள்.

தந்தை விஷயத்தில் நிதானம் வேண்டும். சட்டப்படி தந்தை ஜார்ஜ் இங்கிள் ஃபின்ச். நியூ சவுத் வேல்ஸின் ஆரஞ்ச் நகரில் பிறந்த வேதியியலாளர், 1922 எவரெஸ்ட் பயணத்தில் ஆக்சிஜன் கருவியோடு ஏறியவர். பெற்ற தந்தை வென்ட்வொர்த் எட்வர்ட் டல்லாஸ் கேம்பெல் என்ற ராணுவ அதிகாரி. நடுவயதுக்குப் பிறகுதான் ஃபின்ச்சுக்கே இது தெரியவந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டையும் எழுதி எவர் சட்டப்படி, எவர் ரத்த உறவில் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் ஃபின்ச்சுக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. இணையத்தில் இலவசம். குடும்பச் செய்திகளுக்கு அதையே முதல் சான்றாக வையுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். பாரிஸில் அவரை வளர்த்த பாட்டி லாரா ஃபின்ச், 1925-இல் சிறுவனைச் சென்னை அடையாற்றில் இருந்த பிரம்மஞான சபை வளாகத்துக்கு அழைத்து வந்தார். சபையின் ஐம்பதாம் ஆண்டு மாநாடு அதே ஆண்டு டிசம்பரில் அங்கேதான் நடந்தது. கேட்கவே சிலிர்ப்பான செய்திதான். ஆனால் அவர் இருந்தது சில மாதங்கள். 'சென்னையில் வளர்ந்தவர்' என்று எழுதினால் தவறு, 'சென்னையில் நடிப்பு கற்றவர்' என்றால் கற்பனை. அடுத்த ஆண்டே சிட்னியில் கிரீனிச் பாயிண்ட்டில் இருந்த பெரிய தாத்தா முறை உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். அடையாற்றுக்கு அட்டவணையில் ஒரு வரி, கட்டுரையில் ஒரு பத்தி. அந்த அளவே அதற்கு மரியாதை.

ட்ரோவில் தேடும் முறை

ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளம்தான் இந்த வேலையின் அடுப்படி. பழைய நாளிதழ்களை ஸ்கேன் செய்து, எழுத்துகளைக் கணினியால் படிக்கவைத்துத் தேடக் கொடுத்திருக்கிறார்கள். பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான நாளிதழ்கள் 1954-ஓடு நின்றுவிடும். ஃபின்ச்சைப் பொறுத்தவரை இது அதிர்ஷ்டம். அவருடைய ஆஸ்திரேலியக் காலம் முழுவதும் உள்ளே அடங்கிவிடுகிறது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு இரண்டு பெரிய விதிவிலக்குகள் உண்டு: கான்பரா டைம்ஸ் 1995 வரையிலும், ஆஸ்திரேலியன் வுமன்ஸ் வீக்லி 1982 வரையிலும் இருக்கிறது. ஃபின்ச் நடித்த 'எ டவுன் லைக் ஆலிஸ்', 'தி ஷிராலி' போன்ற படங்களின் செய்திகளுக்கு இந்த இரண்டையும் புரட்டுங்கள்.

பெயரை ஆங்கில எழுத்தில், இரட்டை மேற்கோள் குறிக்குள் அடியுங்கள். மேற்கோள் இல்லாமல் ஃபின்ச் என்று தேடினால் கூண்டுப் பறவைப் போட்டி முடிவுகள்தான் வந்து குவியும். ஃபின்ச் என்பது ஒரு சிறு பறவை இனத்தின் பெயர், அந்நாளில் ஆஸ்திரேலியாவில் அதை வளர்த்துப் பரிசு வாங்கியவர்கள் ஏராளம். மேற்கோளுக்குள் போட்டாலும் அதே பெயரில் விவசாயிகளும் கிரிக்கெட் ஆடுபவர்களும் வருவார்கள். அதற்கு மருந்து, கூட ஒரு சொல் சேர்ப்பது: நாடகத்தின் பெயர், அரங்கின் பெயர், சக நடிகரின் பெயர், இல்லாவிட்டால் 'வானொலி' என்பதற்கான ஆங்கிலச் சொல்.

அடுத்தது ஆண்டு வரம்பு. ஒரே தேடலில் 1935 முதல் 1948 வரை போடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு தேடல், நாடகம் நடந்த மாதம் தெரிந்தால் அந்த மாதத்துக்கு முன்னும் பின்னும் நான்கு வாரம்.

பலர் கவனிக்காத ஒன்று வகை வடிகட்டி. ட்ரோவ் ஒவ்வொரு துண்டையும் கட்டுரை, விளம்பரம், குடும்ப அறிவிப்பு, பட்டியல்கள் என்று பிரித்து வைத்திருக்கிறது. நாடக விளம்பரங்கள் விளம்பர வகையிலும், வானொலி நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் பட்டியல்கள் வகையிலும் கிடக்கும். கட்டுரை வகையை மட்டும் டிக் செய்தவர்களுக்கு ஃபின்ச்சின் வேலையில் பாதி கண்ணிலேயே படாது.

ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு புறம் மங்கிய நாளிதழின் படம், இன்னொரு புறம் கணினி படித்த எழுத்து. மை சரியாகப் பதியாத இடத்தில் பெயரின் முதல் எழுத்தான எஃப், பி என்று படிக்கப்பட்டிருக்கும். ஃபின்ச் 'பின்ச்' ஆகிவிடுவார். வரி முடிவில் பெயர் இரண்டாக உடைந்து இணைப்புக்கோட்டோடு நின்றால் தேடலில் சிக்கவே சிக்காது. ஆகவே சரியான பெயரில் தேடி முடித்த பிறகு, பி-யில் தொடங்கும் பிழை வடிவத்தில் ஒரு முறையும், பெயரே இல்லாமல் நாடகத் தலைப்பை மட்டும் வைத்து ஒரு முறையும் தேடுங்கள். தவறாகப் படித்த எழுத்தைக் கண்டால் அங்கேயே திருத்தலாம், தளம் அதை அனுமதிக்கிறது. ஒரு நிமிட வேலை. அடுத்து தேடி வருபவருக்கு அந்தச் செய்தி நேராகக் கிடைக்கும். இதைத் தவறாமல் செய்யுங்கள்.

சான்றைப் பதியும்போது உலாவியின் மேலே தெரியும் நீண்ட முகவரியைப் பிடிக்காதீர்கள். அதில் உங்கள் தேடல் சொற்களும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்கோள் பொத்தானை அழுத்தினால் கட்டுரை எண்ணோடு நிலையான குறுகிய முகவரி வரும். அதோடு இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் கையால் எழுதுங்கள்.

கூடாரம், வானொலி, ராணுவம்

இளமையில் ஃபின்ச் சிட்னியின் 'சன்' நாளிதழில் எடுபிடிப் பையனாக இருந்தார். பிறகு 1935-இல் ஜார்ஜ் சோர்லியின் கூடார நாடகக் குழுவில் சேர்ந்தார். குழு ஊர் ஊராகப் போகும், ஓரிரு இரவு ஆடும், கூடாரத்தைப் பிரித்து அடுத்த ஊருக்கு நகரும். இதைச் சிட்னி நாளிதழில் தேடினால் ஏமாற்றம்தான். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து உள்ளூர் இதழ்களைப் பாருங்கள். சோர்லி என்ற பெயரை 1935 வரம்பில் தேடி, கிடைத்த ஊர்களைத் தேதி வாரியாக அடுக்கினால் பயணப் பாதை தானாக உருவாகும். ஃபின்ச்சின் பெயர் எல்லா விளம்பரத்திலும் இருக்காது. சிறு வேடக்காரர்களுக்கு அந்த இடம் கிடையாது. பெயர் இருக்கும் ஊரை மட்டும் உறுதி என்றும், மற்றவற்றைக் 'குழு சென்றது' என்றும் குறியுங்கள்.

வானொலிக்கு இரண்டு இதழ்கள் தங்கச் சுரங்கம்: வயர்லெஸ் வீக்லி, ஏபிசி வீக்லி. இரண்டும் ட்ரோவில் இதழ்கள் பிரிவில் இருக்கின்றன, நாளிதழ் தேடலில் வராது. தொடர் நாடகம் என்றால் முதல் ஒலிபரப்பு தேதியும் ஃபின்ச் பெயர் முதலில் தென்படும் தேதியும் வெவ்வேறாக இருக்கலாம். தொடரின் நடுவில் நடிகர் மாறுவது அங்கே சாதாரணம்.

முதல் முழுநீளப் படம் கென் ஜி. ஹால் இயக்கிய 'டேட் அண்ட் டேவ் கம் டு டவுன்', 1938. அதன் பிறகு 'மிஸ்டர் செட்வொர்த் ஸ்டெப்ஸ் அவுட்', 1939. இந்தப் படங்களைப் பற்றித் தேடுவது எளிது, நீட்டி முழக்க வேண்டாம்.

போர்க்காலம் சிக்கலானது. அவர் 1941 ஜூனில் படையில் சேர்ந்து, மத்திய கிழக்கில் பணியாற்றி, டார்வின் நகரம் குண்டுவீச்சுக்கு உள்ளானபோது விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவில் இருந்தார். விடுவிக்கப்பட்டது 1945 அக்டோபர். சார்ல்ஸ் ஷோவெல் இயக்கிய 'தி ராட்ஸ் ஆஃப் டோப்ரூக்' வெளிவந்தது 1944-இல். படையில் இருப்பவர் எப்படிப் படத்தில் நடித்தார் என்று குழம்பி ஏதாவது ஒரு தேதியை 'திருத்தி'விடாதீர்கள். நடிப்பதற்கு ராணுவமே அவருக்கு விடுப்பு கொடுத்தது. ஒன்றின் மேல் ஒன்று விழும் தேதிகள் இங்கே பிழை அல்ல.

படைப்பதிவைச் சரிபார்க்க ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பி883 என்ற தொடரைத் தேடுங்கள். இரண்டாம் ஆஸ்திரேலிய இம்பீரியல் படையினரின் கோப்புகள் அதில்தான் உள்ளன. கோப்பின் தலைப்பிலேயே பெயர், படை எண், பிறந்த தேதி, பிறந்த ஊர், சேர்ந்த இடம், நெருங்கிய உறவினர் எல்லாம் இருக்கும். என்எக்ஸ் என்று தொடங்கும் எண் நியூ சவுத் வேல்ஸில் சேர்ந்தவருடையது. பெயர் ஒத்துப்போனால் போதாது, பிறந்த தேதியும் ஒத்துப்போக வேண்டும்.

கண்ணாடித் தொழிற்சாலை

ஃபின்ச் வரலாற்றில் அதிகம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சம்பவம் இது. 1946-இல் சிட்னியில் அவரும் நண்பர்களும் மெர்குரி தியேட்டர் குழுவைத் தொடங்கினார்கள். 1948-இல் ஓ'பிரையன் கண்ணாடித் தொழிற்சாலையின் தளத்தில் மோலியரின் 'கற்பனை நோயாளி'யை ஆடினார்கள். அப்போது லண்டனின் ஓல்ட் விக் நாடகக் குழுவோடு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் இருந்த பிரிட்டிஷ் நட்சத்திரத் தம்பதி லாரன்ஸ் ஒலிவியரும் விவியன் லீயும் பார்க்க வந்தார்கள். லண்டன் வாசல் அங்கே திறந்தது.

புகழ்பெற்ற சம்பவம் என்பதால் இதற்குப் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகள் ஏராளம். அவற்றைக் கடைசியில் படியுங்கள். முதலில் 1948 ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை வரம்பு வைத்து மெர்குரி, ஓ'பிரையன், ஒலிவியர் என்ற மூன்று பெயர்களையும் ஜோடி ஜோடியாகத் தேடுங்கள். கிடைப்பதை மூன்றாகப் பிரியுங்கள்: நடக்கப்போகிறது என்று சொல்லும் முன்னறிவிப்பு, நடந்தது என்று சொல்லும் செய்தி, எப்படி இருந்தது என்று சொல்லும் விமர்சனம். முன்னறிவிப்பில் இருப்பதெல்லாம் நடந்துவிடுவதில்லை. நடிகருக்குக் காய்ச்சல் வரும், அரங்கு கிடைக்காது, தேதி தள்ளும். நாடகம் நடந்த மறுநாள் வந்த செய்திதான் சான்று. முன்னறிவிப்பு மட்டுமே கிடைத்த நாடகங்களை 'அறிவிக்கப்பட்டது' என்று எழுதுங்கள், 'நடித்தார்' என்று அல்ல. மேடை வரலாற்றில் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு சொல் மாற்றத்தால்தான் வருகிறது.

அட்டவணையில் வரி இப்படி இருக்க வேண்டும்: 1948, மேடை நிகழ்வு, கற்பனை நோயாளி, பாத்திரம், ஓ'பிரையன் கண்ணாடித் தொழிற்சாலை, சிட்னி, மெர்குரி தியேட்டர், இதழ், இதழின் தேதி. பாத்திரம் சான்றில் இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

மேடைக்கென்றே ஆஸ்ஸ்டேஜ் என்ற தரவுத்தளம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நடந்த மேடை நிகழ்வுகளை நபர், அரங்கு, குழு வாரியாகக் காட்டும். பழைய காலத்துக்கு அதில் ஓட்டைகள் உண்டு. ஆகவே அதில் இல்லாததால் நாடகமே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

லண்டன், இலங்கை, ஹாலிவுட்

லண்டனில் 1949-இல் விண்டம்ஸ் தியேட்டரில் ஜேம்ஸ் பிரைடியின் 'டாஃப்னி லாரியோலா', கூட நடித்தவர் ஈடித் எவன்ஸ். 1951-இல் ஆர்சன் வெல்ஸின் ஒதெல்லோவுக்கு இவர் இயாகோ. 1952-இல் ஓல்ட் விக்கில் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் மெர்குஷியோ. 1964-இல் 'தி சீகல்' நாடகத்தில் டிரிகோரின். திரைப்படப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இவை எதுவும் தெரியாது. ஆகவே படங்களுக்கு இடையே வெற்றிடம் தெரியும் ஆண்டுகளில் மேடையைத் தேடிப் பாருங்கள்.

1953-இல் 'எலிஃபண்ட் வாக்' படத்துக்காக ஃபின்ச் இலங்கை போனார். கதாநாயகி விவியன் லீ உடல்நலம் குலைந்து விலக, எலிசபெத் டெய்லர் அந்த இடத்துக்கு வந்தார். படம் வந்தது 1954. தொலைவுக் காட்சிகள் சிலவற்றில் விவியன் லீ அப்படியே இருக்கிறார் என்பதால், நடிகர் பட்டியலை வைத்து யார் யார் இலங்கை போனார்கள் என்று முடிவு செய்ய முடியாது. 1953-ன் முதல் மாதங்களுக்கு ட்ரோவைத் தேடினால் செய்திகள் நாள் வாரியாகக் கிடைக்கும்.

விருதுகளில் ஆண்டுக் குழப்பம் நிச்சயம். பாஃப்டாவும் (பிரிட்டிஷ் திரைப்பட விருது) ஆஸ்கரும் முந்தைய ஆண்டுப் படங்களுக்கு அடுத்த ஆண்டு விழா எடுக்கின்றன. ஃபின்ச்சுக்குச் சிறந்த நடிகருக்கான பாஃப்டா ஐந்து: 'எ டவுன் லைக் ஆலிஸ்', 'தி ட்ரையல்ஸ் ஆஃப் ஆஸ்கர் வைல்ட்', 'நோ லவ் ஃபார் ஜானி', 'சண்டே பிளடி சண்டே', 'நெட்வொர்க்'. முதல் மூன்றும் 'சிறந்த பிரிட்டிஷ் நடிகர்' என்ற பிரிவில் கிடைத்தவை. வெளிநாட்டு நடிகருக்கு அப்போது தனிப் பிரிவு இருந்தது, 1960-களின் கடைசியில்தான் இரண்டும் ஒன்றாயின. சிட்னியில் வளர்ந்தவர் பிரிட்டிஷ் பிரிவில் வந்தது பதிவுப் பிழை அல்ல, பிரிவின் பெயரை அப்படியே எழுதுங்கள். 1961-இல் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'நோ லவ் ஃபார் ஜானி'க்கு பெர்லினில் வெள்ளிக் கரடி, 'ஆஸ்கர் வைல்ட்' படத்துக்கு மாஸ்கோவில் சிறந்த நடிகர் விருது, இரண்டும் ஒரே ஆண்டு. படங்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசிப் படம் எது என்பதிலும் தடுமாற்றம் சகஜம். 'நெட்வொர்க்' 1976 நவம்பரில் வந்தது. அதன் பிறகு நடித்த 'ரெய்டு ஆன் என்டெபி' தொலைக்காட்சிப் படத்தில் அவருக்கு இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ராபின் வேடம், ஒளிபரப்பானது 1977 ஜனவரி 9. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 14 அன்று பெவர்லி ஹில்ஸ் ஓட்டலில் மாரடைப்பில் இறந்தார். வயது 60. ஆஸ்கர் விழா மார்ச் 28. விருதை மனைவி எலீதா ஃபின்ச் பெற்றுக்கொண்டார். இறந்த பிறகு நடிப்புக்கு ஆஸ்கர் பெற்ற முதல் நடிகர் இவர். அடுத்தவர் 2009-இல் ஹீத் லெட்ஜர், பெர்த் நகரில் பிறந்தவர். 'இறந்த பிறகு பரிந்துரைக்கப்பட்ட முதல் நடிகர்' என்று எழுதினால் தவறு. பரிந்துரை வேறு, வெற்றி வேறு.

பெயர்களும் படங்களும்

தமிழில் எழுதும்போது படத்தலைப்புகளை மொழிபெயர்க்காதீர்கள், ஒலிபெயருங்கள். வாசகர் தேடிப் பார்க்க வேண்டுமே! மேடை நாடகத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர் இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஃபின்ச் என்று தொடங்கினால் கடைசி வரை ஃபின்ச், நடுவில் பின்ச் வேண்டாம். முதல் மனைவி தமாரா சினரோவா ரஷ்ய பாலே மரபில் வந்த நடனக் கலைஞர். அவர் பெயர் ஆங்கிலத்திலேயே பல எழுத்துக்கூட்டலில் வரும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து, மற்ற வடிவங்களை அட்டவணையின் ஓரத்தில் குறித்து வையுங்கள், தேடும்போது உதவும்.

புகைப்படம் சேர்ப்பதானால், ஆஸ்திரேலியாவில் 1955 ஜனவரி 1-க்கு முன் எடுத்த படங்கள் அங்கே பதிப்புரிமை நீங்கிய பொதுவுடைமை. ஆனால் விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்ற அது மட்டும் போதாது. அமெரிக்கச் சட்டப்படியும் பொதுவுடைமையாக இருக்க வேண்டும், அதற்கு 1946-க்கு முன் எடுத்ததாக இருப்பது பாதுகாப்பு. ஃபின்ச்சின் ராணுவ உடைப் படங்கள் இந்த வரம்புக்குள் வரும், மெர்குரி தியேட்டர் படங்கள் வராது. படம் எடுத்த ஆண்டுக்குச் சான்று இல்லையென்றால் ஏற்றாதீர்கள், நீக்கிவிடுவார்கள்.